இணைச்சீர்க்காரி தீவில் இருக்கிறாள்

கோபாலபுரம்
6 அக்டோபர் 2024

மௌனிகாவுக்கு,

நான் செல்வப்பிரியா. உங்கள் அண்ணன் கோகுல்நாத்துக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண். போன மாதம் போனில் "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கேனுங்க" என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்தோமே, அந்தச் செல்வப்பிரியா. எங்கள் வீட்டில் போன் என்பது கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டு, அப்பா, அம்மா, வந்திருக்கிற ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிற கச்சேரி. அதில் நான் என்னத்தைப் பேசுவது? டியூஷன் எடுப்பதற்காக வாங்கின லேப்டாப் மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. அப்பாவுக்கு அதைத் திறக்கத் தெரியாது. அதனால்தான் மெயில்.

முதலில் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கல்யாணம் தை கடைசி முகூர்த்தத்தில். இணைச்சீருக்கு நீங்கள் வந்துவிட வேண்டும். மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் சேர்ந்து நின்று, கூறைப்புடவை வைத்த கூடையைக் கையில் ஏந்தினால்தானே நம் ஆட்களுக்குக் கல்யாணமே தொடங்கும்! உங்கள் அண்ணனுக்கு நீங்கள் ஒருத்திதான். "அவளுக்கு லீவு கிடைக்குமோ என்னமோ" என்று அவர் இழுக்கிறார். நான் கேட்டால் வருவீர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

போன வாரம் எல்லாருமாக வட்டவடைக்குப் போய், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட உங்கள் அண்ணன் கட்டியிருக்கிற வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். மூணாறிலிருந்து ஜீப்பில் போன குலுக்கலில் அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. சுற்றிலும் கேரட்டும் பூண்டும். நடுவில் வெள்ளைவெளேரென்று சுவர், நீல நிறத்தில் கவிழ்த்த சட்டி மாதிரி கூரை. "என்ற தங்கச்சி இருக்கற தீவு இப்படித்தான் இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். அப்பா உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு சரியாக அவர் நெற்றியில் விழுந்தது. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

நிஜத் தீவைப் பற்றி எழுதுங்களேன். நிச்சயம் ஆனதும் பள்ளிக்கூட வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பெண் வெளியே சுற்றக் கூடாதாம். செக்போஸ்ட்டில் லாரி நிற்பதையும் போவதையும் மாடியிலிருந்து பார்ப்பதுதான் இப்போது என் சோலி. கடலைப் பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அன்புடன்
செல்வப்பிரியா


15 அக்டோபர் 2024

அன்புள்ள நங்கைக்கு,

அண்ணன் மனைவியை அப்படித்தானே கூப்பிட வேண்டும்? கல்யாணத்துக்கு முன்பே கூப்பிட்டால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. தீவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரேக்க நாட்டுத் தீவுகளில் இது மிகச் சின்னது. வரைபடத்தில் பார்த்தால் மிளகு விழுந்த மாதிரி இருக்கும். நான் வேலை பார்க்கும் வீடு மேட்டில் இருக்கிறது. கீழே அரைவட்டமாக ஒரு வளைகுடா. காலையில் தண்ணீர் பச்சையாக இருக்கும், மதியம் நீலம், சாயங்காலம் ஊதா. கரையில் ஒரு வரிசை மரம், சவுக்கு மாதிரி மெல்லிய இலை. வீடுகளெல்லாம் வெள்ளை, கதவும் ஜன்னலும் நீலம். சந்துகளில் காகிதப்பூ தொங்கும். பூனைகள் அதிகம்.

கோடையில் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். குடையை நட்டு, துண்டை விரித்து, புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருப்பார்கள். அவசரம் என்பதே இல்லாத இடம். மீன்காரர்கள் கணவாய் மீன் வகை ஒன்றைத் துணி மாதிரி கயிற்றில் காயப்போடுவார்கள். மலையில் ஆட்டுமணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு அம்மாள், பெயர் கலியோப்பி. வயதானவர். அவரைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கஷ்டமான வேலை இல்லை. மகன் மனோலிஸ் ஏதென்ஸில் இருக்கிறார். படங்கள் சில இணைத்திருக்கிறேன். உங்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.

இணைச்சீருக்கு வர முயற்சி செய்கிறேன்.

இப்படிக்கு
மௌனிகா


கோபாலபுரம்
27 அக்டோபர் 2024

நங்கை என்று கூப்பிட்டுவிட்டீர்கள், இனி விடமாட்டேன்!

ஊதாக் கடலாம்! படித்ததை அம்மாவிடம் ஒப்பித்தேன். "அங்க நெல்லு வெளையுமா?" என்று கேட்டார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் கடலைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்லலாம்தானே? எனக்குப் பார்த்த மாப்பிள்ளைகள் கொஞ்சநஞ்சமில்லை. நம் பக்கத்தில் பெண் கிடைக்காமல் பையன்கள் நாற்பதைத் தொடுகிறார்கள் என்று ஊரெல்லாம் புலம்பல். நான் மட்டும் ஒவ்வொருவரையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். தென்னந்தோப்பிலிருந்து இன்னொரு தென்னந்தோப்புக்குப் போய் இன்னொரு மாடியிலிருந்து இன்னொரு ரோட்டைப் பார்க்க வேண்டுமா? உங்கள் அண்ணன் பெண் பார்க்க வந்த அன்று, "கல்யாணமாகி கொஞ்ச நாள்ல நாம ரெண்டு பேரும் தீவுக்கே போயிருலாமுங்க. தங்கச்சி எல்லா ஏற்பாடும் பண்ணீருவா. மனோலிஸ் சார் ஒரு ஊடே தர்றேன்னிருக்காரு" என்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் நான் தலையாட்டினேன். அப்பாவுக்கும் மாப்பிள்ளை ஐரோப்பா போகப்போகிறார் என்றதும் முகத்தில் வெளிச்சம். ஊரில் செக்போஸ்ட் வரைக்கும் சொல்லியாயிற்று.

ஆகவே நான் வருவதற்குள் சில விவரங்கள் வேண்டும். சாயங்காலம் கரையில் நடக்கப் போனால் சேலையா, சுடிதாரா? நீங்கள் எப்போது நீந்துவீர்கள்? எனக்கும் சொல்லித்தர வேண்டும். வாய்க்காலில் கால் நனைத்ததோடு சரி.

படங்களை இரவல் கண்ணாடி போட்ட கிழவி மாதிரி உற்று உற்றுப் பார்க்கிறேன். ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் அதே நீல மரச்சட்டம் தெரிகிறது. அவ்வளவு பெரிய தீவழகை ஒரே ஜன்னலிலிருந்தா எடுப்பீர்கள்? சோம்பேறி! இறங்கிப் போய் அந்த மரவரிசைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.

ஆவலுடன்
உங்கள் நங்கை


10 நவம்பர் 2024

நங்கைக்கு,

இறங்கிப் போய் எடுக்க முடியாது. வாசல் பூட்டியிருக்கிறது. சாவி கலியோப்பியின் இடுப்புத் துணிப்பையில் இருக்கிறது.

இதை எழுதக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தேன். நீங்கள் நீந்துவதைப் பற்றிக் கேட்டதும் என்னால் முடியவில்லை. நான் இந்தக் கடலில் கால் வைத்தது வந்த புதிதில்தான். எனக்கு முன்னால் இருந்த பெண் ஒருநாள் ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டாளாம். அந்தப் பயம் அம்மாளுக்கு. நான் பால்கனியில் துணி காயப்போட்டால்கூட, என் பெயர் வாயில் நுழையாமல் "மோனா, மோனா" என்று அலறுவாள். போனில் தமிழ் பேசினால் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று தடியால் தரையைத் தட்டுவாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். மகன் வருவானா என்று அவளும் அதே ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ரொட்டி, காய்கறி எல்லாம் கடைக்காரன் கூடையில் வைத்துக் கயிற்றில் கட்டினால் மேலே இழுத்துக்கொள்வோம்.

பாஸ்போர்ட் மனோலிஸிடம். "பத்திரமாக இருக்கும்" என்று வாங்கினவன்தான். என்னுடைய அனுமதிச் சீட்டு இந்த வீட்டு வேலைக்கு மட்டும். வேலையை விட்டால் நான் இந்த நாட்டில் இருக்கவே கூடாதவள். போகிறேன் என்று போன வருடமே கேட்டேன். "உன் ஊரிலிருந்து உனக்குப் பதிலாக ஒருத்தியைக் கொண்டுவா. அவள் வந்து இறங்கட்டும், நீ போ" என்றான். அண்ணனிடம் அழுதேன். கொஞ்ச நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். "அம்மிணி, உனக்கு விடுதலை வந்துருச்சு. எனக்குப் பொண்ணு அமையப்போகுது. அவ வெளிநாடு போவோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. கல்யாணம் முடிஞ்சதும் உன்ற எடத்துக்கு அவளை அனுப்பீரலாம். பின்னாடியே நானும் வந்தர்றேன்" என்றார்.

விளங்கிற்றா? வீடு ஒன்றும் மனோலிஸ் தரப்போவதில்லை. அந்த வீடு நான் இருக்கிற இந்த வீடு. அண்ணன் பின்னாடியே வருவதற்கு இங்கே வேலையும் இல்லை, வழியும் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவர் சுபாவம். மழைநாட்டில் மழை தாங்காத கூரை கட்டாதீர்கள், இங்கே வருடத்தில் நாலு தூறல்தான் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். கேட்டாரா? மலை முழுக்க மேகம் இறங்குகிற ஊரில் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா எழுது, பயமுறுத்தீராதே" என்றார். நானும் எழுதினேன். பயண ஏஜன்சிக்காரன் போல எழுதினேன். கடல் நிஜமாகவே ஊதாதான். ஆனால் நீங்கள் வந்தால் நான் போகலாம் என்பதற்காகத்தான் அந்த ஊதாவை உங்களுக்குக் காட்டினேன். எழுதி அனுப்பிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் காறித் துப்பினாலும் சரி, இங்கே வராதீர்கள்.

மௌனிகா


கோபாலபுரம்
14 நவம்பர் 2024

மௌனிகாவுக்கு,

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. அசை போட்டுக்கொண்டு நிற்கும். நீங்களும் உங்கள் அண்ணனும் அதேபோல் துண்டைப் போட்டுக்கொண்டு என்னைப் பேசியிருக்கிறீர்கள்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட உங்கள்மேல் வந்த கோபம் பெரிது. அவர் ஆம்பளை, பெருமைக்குப் பேசுகிறவர், பார்த்ததும் தெரிந்தது. உங்களை நான் நம்பினேன். ஒவ்வொரு வரியையும் மனப்பாடம் பண்ணினேன். ஆட்டுமணிச் சத்தத்தை நினைத்துக்கொண்டு இந்தக் கூடத்தில் படுத்துத் தூங்கினேன்.

இனி எழுதாதீர்கள்.

செல்வப்பிரியா


3 டிசம்பர் 2024

நங்கைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் அழித்துவிடுங்கள்.

மனோலிஸிடம் சொல்லிவிட்டேன், எனக்குப் பதிலாக யாரும் வரப்போவதில்லை என்று. "அப்படியானால் இரு" என்றான். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. அண்ணனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கல்யாணத்தை நிறுத்துவதானால் நிறுத்துங்கள். என்னால் தெரியவந்தது என்றே சொல்லுங்கள், எனக்குப் பயமில்லை. இங்கே இருப்பவளை அவர்கள் என்ன செய்துவிட முடியும்?

இப்போது தீவில் யாரும் இல்லை. கடைகளைச் சாத்திக்கொண்டு பெரிய ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வடக்கிலிருந்து காற்று அடிக்கிறது. நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் போலத்தான், ஓயாது. ஆனால் இதில் உப்பு கலந்திருக்கிறது. காற்று ஏறிவிட்டால் துறைமுகத்தில் கப்பல் விடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிடுகிறார்கள். முதல் மழைக்குப் பிறகு பாறை இடுக்கெல்லாம் பச்சை விட்டிருக்கிறது. ஊதாவில் சின்னச் சின்னப் பூ. இதற்கு முன் எழுதினதெல்லாம் உங்களை வரவைக்க. இதை யாரையும் வரவைக்க எழுதவில்லை. அழகாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். அழகாக இருப்பதுதான் கொல்கிறது. அசிங்கமான இடமென்றால் வெறுத்துவிட்டாவது இருக்கலாம்.

நேற்று கலியோப்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்விட்டால் நான் செத்துப்போவேன்" என்றாள். தினம் சொல்வதுதான். நேற்று நான், "அம்மா, நான் இருந்தால் நான் செத்துப்போவேன்" என்று தமிழில் சொன்னேன். புரிந்த மாதிரி தலையாட்டினாள். அப்புறம் சாவி இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டுமா என்ற தொல்லை உங்களுக்கு எதற்கு?

மௌனிகா


கோபாலபுரம்
22 டிசம்பர் 2024

மௌனிகா,

அழிக்கவில்லை, படித்தேன். கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

சீர் பேச நேற்று உங்கள் வீட்டார் வந்தார்கள். உங்கள் அம்மா ஜானகியம்மாள், உங்கள் அண்ணன், சீரெல்லாம் செய்துவைக்கிற அருமைக்காரர். எங்கள் அப்பா குப்பண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் உங்கள் அண்ணன், "மௌனிகாவுக்கு லீவு கெடைக்கலைங்க. இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் தங்கமணியை நிக்க வெச்சுக்கலாமுங்க" என்றார். சரி சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கறப்ப வேற ஒருத்தியை எதுக்குங்க நிறுத்தோணும்?" என்றேன்.

அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. "ஏய், உள்ளே போ. அது மாப்பிள்ளை ஊட்டுச் சீரு. உனக்கென்ன பேச்சு?"

"என்ற கல்யாணமுங்கப்பா. அவங்க வந்து கூடையை எடுக்காம நான் மணவறையில உக்கார மாட்டேன்."

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார். அப்பா எழுந்து நின்றுவிட்டார், கையை ஓங்கியிருப்பார், சம்பந்தி வீட்டார் இருந்ததால் தப்பித்தேன். அப்போது அருமைக்காரர் தொண்டையைச் செருமினார். "குப்பண்ணா, உக்காரு. புள்ள சொல்றது ஞாயந்தான். ஒண்ணுக்கு ஒண்ணுன்னு தங்கச்சி இருக்கையில அடுத்தவளை நிறுத்தினா அது இணையாகாது. அந்தப் புள்ள வந்து நிக்கட்டும். நின்னாத்தான் நான் சீரைத் தொடுவேன்" என்றார்.

உங்கள் அம்மா அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தவர், பொலபொலவென்று அழுதுவிட்டார். "என்ற புள்ளையைப் பார்த்து எத்தனை நாளாச்சுன்னு எனக்குத்தான் தெரியும். கோகுலு, எப்பிடியோ அவளைக் கூட்டிட்டு வா. இல்லீன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்றார். அப்பா திரும்ப உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பேர் முன்னால் சடங்கு வேண்டாமென்று அவரால் சொல்ல முடியுமா?

இளநீர் வெட்டித் தரச் சொல்லி உங்கள் அண்ணனைத் தோப்புக்கு அழைத்துப் போனேன். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். மனிதர் அப்படியே வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு மழைக்கும் உள்ளே சட்டி வெக்கறேனுங்க. வெள்ளைச் செவுரெல்லாம் பாசி புடிச்சுப் பச்சையாப் போச்சு. வந்தவங்க ஒரே நாள்ல ஓடிர்றாங்க. பஞ்சாயத்துக்காரங்க கட்டடத்துக்கு நோட்டீஸ் ஒட்டீட்டாங்க. விக்கவும் முடியாது, விட்டுட்டு வரவும் முடியாது. நானும் அந்த மலையில மாட்டிக்கிட்டேனுங்க" என்றார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் நீங்கள் அங்கேயே கிடப்பீர்களே! "நாளைக்கே பாலக்காடு போங்க. உங்க தங்கச்சியை அனுப்பின ஏஜன்சிக்காரன்கிட்ட, பாஸ்போர்ட்டைப் புடிச்சு வெச்சிருக்காங்கன்னு போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன், தூதரகத்துக்கும் எழுதுவேன்னு சொல்லுங்க. இல்லீன்னா தீவுல ஊடு இல்லேன்னு நான் இப்பவே கூடத்துல போய்ச் சொல்றேன்" என்றேன். இன்று காலை போயிருக்கிறார். ஏஜன்சிக்காரன் முதலில் குதித்தானாம், அப்புறம் மனோலிஸுக்குப் போன் போட்டானாம். பாஸ்போர்ட் கிடைத்துவிடும் போலிருக்கிறது.

சரி, என் பக்கம். உங்களை மீட்டுக் கொண்டுவந்தால் நான் மணவறையில் உட்காருகிறேன் என்று உங்கள் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேறு எதைக் கொடுக்க? என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். தீவு முடிந்தது. அந்தப் பாசி பிடித்த சுவருக்குள் உட்கார்ந்து மேகம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கேரட் நறுக்கப் பழகிக்கொள்கிறேன். அழாதீர்கள். நானும் அழவில்லை, இந்த வரி எழுதும் வரைக்கும்.

நீங்கள் வந்து நில்லுங்கள், போதும்.

செல்வப்பிரியா


துறைமுகம்
20 ஜனவரி 2025

நங்கைக்கு,

கதவு திறந்தது. மனோலிஸ் நேரில் வந்தான். பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "போலீஸ் எல்லாம் எதற்கு? நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி" என்றான். நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன். ஒரு பெட்டி, ஒரு கம்பளி, அவ்வளவுதான் என் சாமான். கலியோப்பி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகனுடைய முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி கீழே விழுந்து கிடந்தது. எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினேன். இறங்கிப் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

கப்பல் இன்று இல்லை. காற்று. நாளையும் இல்லை என்கிறார்கள். டிக்கெட் கொடுக்கும் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். தீவு என்னை இன்னும் விடவில்லை. பரவாயில்லை, காற்று இறங்காமல் போகுமா? முகூர்த்தத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் இறங்கிவிடுவேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நான் வெளியே வர நீங்கள் உள்ளே போகிறீர்கள். முதலில் நான் உங்களுக்குச் செய்யப் பார்த்ததும் இதுதான். அப்போது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, இப்போது தெரிந்தே நீங்களாகச் செய்கிறீர்கள். இதை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்து பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றால் நான் என்ன பிறவி? அண்ணன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அவர் வேண்டுமென்று கெடுதல் செய்கிறவர் இல்லை. ஆனால் அவருக்குத் தங்கச்சியாகப் பிறந்ததற்கு நான் கொடுத்தது போதும். உங்களையும் சேர்த்துக் கொடுக்க மாட்டேன்.

வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள். நான் கப்பலேறிவிட்டால் உங்களைக் கட்டிப்போட அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் அப்பாவை நினைத்துப் பயமாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. நான் வந்து நின்றால்தான் சீரைத் தொடுவேன் என்று அருமைக்காரர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாரே. அதனால் இனி தங்கமணியைக் கூப்பிட முடியாது, வேறு யாரையும் கூப்பிட முடியாது. நீங்கள் வாயே திறக்க வேண்டாம். கல்யாணத்தை நிறுத்தினவள் என்று ஊர் என்னைத்தான் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முகூர்த்தத்தன்று கூடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது நான் ஒரு தடவை உங்களைத் திரும்பிப் பார்ப்பேன். நிஜமாகவே அண்ணனைப் பிடித்திருந்தால் பேசாமல் இருங்கள், சந்தோஷமாகத் தூக்குகிறேன். வேண்டாமென்றால் தலையை மட்டும் ஆட்டுங்கள். கூடையை நான் தொட மாட்டேன்.

மௌனிகா